சர் வில்லியம் ஜோன்ஸும் முந்நாட்டுத் தெய்வங்களும்

ஊத்துக்கோட்டைக்கு அணித்தே, ஆரணியாற்றை ஒட்டி, சுருட்டப்பள்ளி என்னும் சிற்றூர் உளது. ஆந்திர நாட்டெல்லைக்குள் அமைந்ததாயினும், பிரதோஷந்தோறும் நம் பக்கத்து மக்கள் திரள்திரளாய்ச் சென்று வழிபடும் தலம் அது. அங்கே பள்ளிகொண்டிருப்பவர் திருமால் அல்லர், சிவபெருமான். பாற்கடலினின்று எழுந்த ஆலகாலத்தை உண்ட அயர்வினால், தேவியின் மடியில் தலைவைத்துச் சாய்ந்திருக்கின்றார் என்பது தலவரலாறு. நம் தெய்வ வடிவங்களை ஏட்டில் மட்டும் கற்ற அயல்நாட்டார் ஒருவர் திடீரென அச்சந்நிதியில் நிற்பாராயின், கிடந்த கோலம் ஒன்றையே கண்டு, இவர் அரங்கநாதர் என்று தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விடுதல் கூடும். ஒப்புமை என்பது அத்தகையது. கண்ணுக்கு உடனே புலப்படும். உடனே ஏமாற்றவும் செய்யும். அவ்வொப்புமையின் வழியே சென்று, ஓரிடத்திற் பெரிதும் வழுவி, மற்றோரிடத்தில் அறிஞருலகம் வியக்கும் உண்மையைக் கண்ட ஒருவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

வில்லியம் ஜோன்ஸ் என்பார் 1746-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 28-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆங்கிலெஸீ தீவினர். பெயரும் வில்லியம் ஜோன்ஸே. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்க இன்று நம் கணித மாணாக்கர் எழுதும் 'பை' என்னும் கிரேக்க எழுத்தை 1706-இல் முதன்முதல் அப்பொருளில் ஆண்டவர் அவரே. மைந்தனுக்கு மூன்று வயது நிரம்புமுன் அவர் காலமானார். பிள்ளையை வளர்க்கும் பாரம் அன்னையார் மீது விழுந்தது. சிறுவன் எதைக் கேட்பினும், நூலைப் படித்தால் தெரியும் என்று விடையிறுப்பது அவ்வம்மையார் வழக்கமாம்.

ஏழாம் வயதில் ஹாரோ பாடசாலையிற் சேர்ந்தார். தொடையெலும்பு முறிந்து ஏறக்குறைய ஓராண்டு வீட்டிலே கிடக்க நேர்ந்தபோதும் அவர் படிப்பு நின்றிலது. அப்பள்ளிப்பருவத்தில் நிகழ்ந்த விளையாட்டொன்று நம் கருத்திற்கு மிக இயைந்தது. அவரும் அவர் தோழர் இருவரும் பள்ளியைச் சூழ்ந்த வயல்வெளிகளைப் பழைய கிரேக்க தேசப் படத்தின்படி பங்கிட்டு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டுக்கு அதிபதியாய் நின்று போர்புரிந்து விளையாடினராம். கிரேக்கரும் ரோமரும் அவருக்குப் பாடப்புத்தகத்து மாந்தராக அல்லாமல் பக்கத்து வயற்காரராகவே இருந்தனர் என்றால் மிகையன்று.

1764-இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையை அடைந்தார். அரபு மொழியையும் பாரசீகத்தையும் அங்கே கற்றார். வறுமை காரணமாக ஸ்பென்ஸர் பிரபுவின் மைந்தருக்கு ஆசிரியராக அமர்ந்தார். டென்மார்க்கு அரசரின் வேண்டுகோட்கிணங்கி நாதிர்ஷாவின் சரித்திரத்தைப் பாரசீகத்தினின்று பிரெஞ்சு மொழியிற் பெயர்த்து 1770-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே அவரியற்றிய பாரசீக இலக்கணம் வெளிவந்தது. புலமை புகழைத் தந்ததேயன்றிப் பொருளைத் தந்திலது. ஆதலின் சட்டம் பயின்று 1774-இல் வழக்கறிஞரானார். அமெரிக்கக் குடியேற்ற நாட்டார் விடுதலை கோரிப் போராடியபோது அவர்கள் பக்கம் நின்று பேசியமையால், அவர் விரும்பிய கல்கத்தா நீதிபதிப் பதவி பல்லாண்டு தாழ்ந்தது. இறுதியில் 1783-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அப்பதவியும் சர் பட்டமும் ஒருங்கே வந்தன. ஏப்ரல் மாதத்தில் அன்னா மரியா ஷிப்லி என்னும் அம்மையாரை மணந்து, சில நாட்களுக்குள் மனைவியாரோடு கப்பலேறிச் செப்டம்பர் மாதத்தில் கல்கத்தாவை அடைந்தார்.

வந்து நான்கு மாதம் கழியுமுன், 1784-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், ஆசியக் கழகத்தை நிறுவினார். ஆசியாவின் இயற்கையையும் மாந்தர் செயலையும் எல்லைவரை ஆராய்வது அக்கழகத்தின் நோக்கம். ஆயினும் இந்தியரை உறுப்பினராக ஏற்கும் வழக்கம் 1829 வரை அங்கு உண்டாகவில்லை. இந்நாட்டைப் பற்றிய கழகத்தில் இந்நாட்டார்க்கு நாற்பத்தைந்து ஆண்டு இடமில்லாதிருந்தது ஒரு குறையென்றே கூறல்வேண்டும்.

நிற்க. அவ்வாண்டிலேயே அவர் கிரீஸ், இத்தாலி, இந்தியா ஆகிய மூன்று நாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னர்த் திருத்தப்பெற்று அது 1788-இல் கழக வெளியீட்டின் முதல் தொகுதியில் வந்தது. பல தெய்வ வழிபாடு தோன்றிய காரணங்கள் நான்கென அவர் வகுத்தார்: உண்மைச் சரித்திரம் திரிந்து கதையாதல் ஒன்று, ஞாயிறு திங்கள் முதலியவற்றைக் கண்டு வியத்தல் மற்றொன்று, புலவர் கற்பனை மூன்றாவது, அறவோரும் தத்துவ ஞானிகளும் கூறும் உருவகம் நான்காவது. இம்மட்டில் யாரும் பெரிதும் மறுப்பதற்கில்லை. அப்பால் அவர் தெய்வங்களை இணையிணையாக நிறுத்தத் தொடங்கினார்.

ரோமருடைய ஜேனஸ் என்னும் இருமுகத் தெய்வத்தை நம் பிள்ளையாரோடு சேர்த்தார். இதற்கு இடமில்லாமலில்லை. ரோமர் எத்தெய்வத்துக்குப் பலியிடினும் முதற்கண் ஜேனஸை அழைத்தே தொடங்குவர். வாயில்களும் தொடக்கங்களும் அவருக்குரியன. ஜனவரி என்னும் மாதப்பெயர் அவரிடத்தினின்றே வந்தது. ஆண்டின் முதல்நாளில் உறவினர்க்குப் பேரீச்சம்பழமும் அத்திப்பழமும் தேனும் வழங்கி, ஆண்டு முழுதும் இனிமையே விளைக என்று வாழ்த்துவது ரோமர் மரபு. போர்க்காலத்தில் அவர் கோயிற் கதவு திறந்திருக்கும். நாடெங்கும் அமைதி நிலவும்போதே அடைக்கப்படும். முதல் வணக்கம் பெறுதல் நம் விநாயகருக்கும் உண்டு. ஆனால் போர் வரின் கதவு திறக்கும் வழக்கத்தையோ, இருமுகத்தையோ நம் அரசமரத்தடியிற் காண்பதெங்ஙனம்?

ரோமருடைய தானியத் தெய்வமாகிய சீரிஸைத் திருமகளோடு இணைத்தார். ஏப்ரல் மாதத்தில் நிகழும் சீரிஸின் விழாவில், வாலில் தீப்பந்தம் கட்டிய நரிகளை விளையாட்டரங்கில் ஓடவிடுவராம். விளைவைத் தருபவள் என்னும் அளவில் இருவரும் ஒத்தனர். நரியோட்டத்தைப் பற்றி இலக்குமி பூஜை செய்வார் யாரும் கேள்வியுற்றிரார். ஆயர் வேடம் பூண்டு ஆனிரை மேய்த்த அப்பல்லோவைக் கண்ணபிரானோடும், காமனைக் குப்பிட்டோடும், நாரதரை ஹெர்மிஸோடும், விசுவகர்மாவை வல்கனோடும் சேர்த்தார். எல்லாவற்றினும் வியப்பைத் தருவது, ஏகபத்தினி விரதராகிய இராமபிரானை மதுவின் தெய்வமாகிய டயோனைசஸோடு இணைத்தமையே. டயோனைசஸ் கிழக்கே படையெடுத்து இந்தியாவை வென்றதாகக் கிரேக்கர் கதை கூறுவர்; அவர் படையில் பாதி விலங்குருவினர் பலர் இருந்தனர்; இராமரும் வானரப்படையோடு சென்றார். இவ்வளவே பற்றுக்கோடு.

கார்த்திகேயனைப் போர்த்தெய்வமாகிய மார்ஸோடு சேர்த்ததைப் படிக்குங்கால், தமிழர்க்கு ஒரு புன்னகை எழுதல் இயல்பு. குறிஞ்சி நிலத்து வேலன் வெறியாட்டையும் வள்ளியையும் தினைப்புனத்தையும் அவர் அறிந்திருப்பாராயின் மார்ஸை எங்கே வைத்திருப்பாரோ!

வழுவியது எங்கனம்? கட்டுரையை முதலில் எழுதியபோது அவர் சமஸ்கிருதம் அறியார். உலகத் தோற்றத்தையும் ஊழிவெள்ளத்தையும் நோவாவின் மைந்தரையும் விவிலியத்திற் கண்ட கால எல்லைக்குள் எல்லா நாட்டுக் கதைகளையும் அடக்க வேண்டுமென்ற எண்ணமும் உடனிருந்தது. இவற்றினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு என்பது எம் கருத்து. தெய்வத்தின் கையிலுள்ள கருவியையும் ஏறும் வாகனத்தையும் நோக்கினாரேயன்றி, அடியார் அத்தெய்வத்துக்கு என்ன செய்கின்றனர் என்பதைப் போதிய அளவு நோக்கினாரிலர். ஏதென்ஸ் நகரின் பெருவிழாவை எடுத்துக்கொள்வோம். நான்காண்டுக்கொருமுறை மிகச் சிறப்பாக நிகழ்ந்த அவ்விழாவில், அத்தேனா தேவிக்கென மகளிர் நெய்த ஆடையைக் கப்பல் வடிவான தேரிற் பாய்போல் விரித்து, நகர மாந்தர் ஊர்வலமாய்க் கொண்டு சென்று குன்றின்மேற் சார்த்துவர். தேருண்டு, ஊர்வலமுண்டு, ஆடையும் உண்டெனக் கண்டு நம் தேர்த்திருவிழாவே இது என்பார் உளர். ஆயின் அங்கே தேவி இருந்த இடத்திலிருக்க, மக்கள் தேரோடு அவளிடம் செல்கின்றனர். இங்கோ நடக்கவியலாத முதியோரும் காணவேண்டுமென்று தெய்வமே வீதிக்கு எழுந்தருளுகின்றது. விழாவின் உயிர் அவ்விடத்தில் வேறாகிவிடுகின்றது.

ஜோன்ஸ் கிறிஸ்தவப் பற்றுடையார். எனினும் மும்மூர்த்திகளைக் கிறிஸ்தவருடைய திரித்துவத்தோடு ஒன்றாக்கும் முயற்சியை அக்கட்டுரையிலேயே உறுதியாய் மறுத்தார். மிஷனரிமார் போதனையினால் இந்துக்கள் மதம் மாறுவர் என்பதையும் அவர் நம்பவில்லை. மிஷன் கலாசாலையின் ஏட்டில் இதனை எழுதுதற்குத் தயக்கமில்லை. அவர் சொன்னது அதுவாகலின்.

இனி, மறுபக்கத்தைப் பார்ப்போம். நீதிமன்றத்தில் இந்து தர்மத்தைப் பண்டிதர் வாய்ப்பொருளாக மட்டும் அறிந்து தீர்ப்புக் கூறுதல் அவருக்கு உறுத்தலாயிருந்தது. ஆதலின் 1785-இல் கிருஷ்ணநகரிற் சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். அந்தணர் கற்பிக்க முன்வராமையால், வைத்திய குலத்தவராகிய இராமலோசனர் என்பார் ஆசிரியராயினார். இலக்கணத்திற்குள் புகுந்து சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், 1786-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவில், சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் வினையடிகளிலும் இலக்கண உருவங்களிலும் தற்செயலென்று தள்ளவொண்ணாத உறவுடையன, அவை மூன்றும் இன்று மறைந்துபோன ஒரு தாய்மொழியினின்று பிறந்தன போலும் என்று உரைத்தார். அவருக்கு முன்னரும் இவ்வுறவைக் குறித்தோர் சிலருண்டு. எனினும் கேட்டோர் நெஞ்சிற் பதிந்தது அவர் சொல்லே.

தெய்வங்களைப் பற்றிய உண்மையும் அவ்வழியே பின்னர் வெளிப்பட்டது. இந்திரனுக்குரிய திவஸ்பதி என்னும் பெயரையும் ரோமர் ஜூப்பிட்டருக்கு வழங்கும் டையஸ்பிட்டர் என்னும் பெயரையும் ஜோன்ஸ் அருகருகே வைத்துப் பார்த்தார். பதி என்பது தலைவன்; பிட்டர் என்பதோ தந்தை. ஆதலின் அது பாதி உண்மையே. இருக்கு வேதத்தில் வரும் தியௌஸ் பிதா என்னும் வானத்தந்தையே கிரேக்கரின் ஸியூஸ் எனவும் ரோமரின் ஜூப்பிட்டர் எனவும் நின்றான் என்பதைப் பின்வந்த அறிஞர் ஒலிவிதிகளைக்கொண்டு நிறுவினர். வேதம் அவர் காலத்து ஐரோப்பியர்க்கு எளிதிற் கிட்டாத நூல். வாயிற்படியில் நின்றவர் உள்ளே புகாமற்போயினார்.

1793-இல் அவர் வெளியிட்ட மற்றொரு கண்டுபிடிப்பு இதனினும் உறுதி வாய்ந்தது. கிரேக்க ஆசிரியர் கூறிய சந்திரகோட்டஸ் என்பான் சந்திரகுப்தனே. அவன் தலைநகராகிய பாலிபோத்ரா பாடலிபுத்திரமே என்றார். அந்நகரத்தருகே கங்கையோடு கலப்பதாகக் கிரேக்கர் எழுதிய எரன்னபோவாஸ் என்னும் ஆறு சோணையாற்றின் மறுபெயராகிய இரணியவாகுவே என்பதைச் சமஸ்கிருத நூலொன்றிற் கண்டதனால் அவ்வையம் தீர்ந்தது. இந்திய சரித்திரத்தின் பழங்காலக் கணக்கிற்கு ஓர் ஊன்றுகோல் இதனாற் கிடைத்தது. பிள்ளையாரையும் ஜேனஸையும் சேர்த்த அதே மனிதர்தாம் இதையும் சேர்த்தவர்; வேறுபாடு, இங்கே பெயரும் இடமும் காலமும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையே.

ஒப்புமையில் மயங்கியவர் அவர் மட்டுமல்லர். வில்போர்டு என்னும் அதிகாரி எகிப்து நாட்டுச் செய்திகளெல்லாம் புராணங்களில் உள்ளனவெனக் கருதித் தேடினார். தேடியவற்றையெல்லாம் அவரிடமிருந்த பண்டிதர் ஏட்டில் எழுதிச் சேர்த்துக் கொடுத்துவிட்டார்! 1792-இல் வெளிவந்த அவ்வாராய்ச்சிக்கு ஜோன்ஸும் சான்று பகர்ந்தார். ஏமாந்ததை வில்போர்டு 1805-இல் ஒப்புக்கொண்டபோது ஜோன்ஸ் உயிரோடில்லை.

தென்மொழிகள் அவர் ஆராய்ச்சிக்கு அப்பால் நின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்தின் வழிவந்தனவல்ல, தமக்குள் ஓரினமானவை என்பதைச் சென்னையில் எல்லிஸ் துரை 1816-இல் எடுத்துக்காட்டினார். வினையடிகளை ஒப்புநோக்கும் முறையையே அவரும் கைக்கொண்டார்.

சாகுந்தலத்தை ஜோன்ஸ் 1789-இல் ஆங்கிலப்படுத்தினார். அது 1791-இல் ஜெர்மன் மொழிக்குச் சென்று கெதே முதலியோரைக் களிப்பித்தது. மனுநூலின் மொழிபெயர்ப்பு 1794-இல் வந்தது. உடல்நலம் குன்றிய மனைவியாரை முன்னரே சீமைக்கனுப்பிவிட்டு, இந்து சட்டத் தொகுப்பை முடித்தல்லது திரும்பேன் எனத் தனித்திருந்தார். அது முடியுமுன், 1794-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், 47-ஆம் வயதிற் கல்லீரல் நோயினாற் காலமானார். கல்கத்தா பார்க் வீதி மயானத்தில் உயர்ந்த கூர்ங்கோபுரமொன்று அவர் கல்லறைமீது நிற்கின்றது.

இலண்டனிற் பரிசுத்த பவுல் பேராலயத்தினுள்ளும் அவருக்குச் சிலையுண்டு. பேக்கன் என்னும் சிற்பி செய்தது, 1799-இல் நிறுவப்பட்டது. மனுநூலின் மீது கைவைத்து நிற்கும் அவ்வுருவின் பீடத்தில், கிறிஸ்தவ ஆலயத்தின் நடுவே, நம் புராணக் காட்சியொன்று செதுக்கப்பட்டுளது. ஆமையுருக்கொண்ட திருமாலும், மலையாகிய மத்தும், பாம்பாகிய கயிறும், பாற்கடல் கடையும் தேவரும் அதில் விளங்குகின்றனர். சுருட்டப்பள்ளியிற் சாய்ந்திருக்கும் பெருமான் உண்ட நஞ்சு எழுந்தது அக்கடலினின்றேயாம்.