சாராள் தக்கர் அம்மையார்

பொதிகை மலையில் தோன்றி, வயல்களை வளப்படுத்திக் கடலோடு கலக்கும் தாமிரபரணி ஆறு, நெல்லைச் சீமையின் தாய் எனப் போற்றப்படுவது. அதன் ஒரு கரையில் திருநெல்வேலியும் மறு கரையில் பாளையங்கோட்டையும் அமைந்துள்ளன. முற்காலத்தில் ஆற்றைக் கடக்க விரும்பியோர் ஓடத்துக்காகக் காத்துக் கிடந்தனர். வெள்ளம் பெருகினால் ஓடமும் நின்றுவிடும். இத்துன்பத்தைக் கண்டு இரங்கிய சுலோசன முதலியார் என்னும் வள்ளல், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு 1843ஆம் ஆண்டில் அங்கு ஒரு பாலம் கட்டுவித்தார். அப்பாலம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், இவ்வூரை ஒருநாளும் கண்டிராத ஓர் ஆங்கிலப் பெண்மணி, கல்வியின் கரை சேர இயலாது நின்ற நெல்லைச் சிறுமியர்க்காக வேறொரு பாலம் அமைக்க எண்ணினார். அவரே சாராள் தக்கர் அம்மையார் ஆவார்.

அம்மையார் இங்கிலாந்து நாட்டினர். உடற்குறையால் நடமாட்டம் தடைப்பட்டவர். அந்நாளில் அந்நாட்டிலும் பெண்களுக்கு உயர்கல்வி எட்டாக் கனியாகவே இருந்தது. அவருடைய தமையனார் ஜான் தக்கர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் கற்றவர். அப்பல்கலைக்கழகமோ 1920ஆம் ஆண்டில்தான் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது. ஆகவே, பெண்ணாகப் பிறந்தமையும் உடல் நலிவுற்றமையும் ஆகிய இரண்டு தடைகள் அம்மையாரின் வழியை அடைத்து நின்றன. ஆயினும் கால் செல்ல இயலாத இடங்களுக்கெல்லாம் அவர் கருத்துச் சென்றது. வந்து குவிந்த கடிதங்களையும் அறிக்கைகளையும் கற்று, தொலைநாடுகளின் செய்திகளைத் தொகுத்து நூல்கள் எழுதினார். தென்னிந்தியாவைப் பற்றி 1840களிலும், கனடாவின் வடபகுதியைப் பற்றி 1851ஆம் ஆண்டிலும், மேற்கு ஆப்பிரிக்காவின் அபயோகுட்டா நகரைப் பற்றி 1853ஆம் ஆண்டிலும், நியூசிலாந்தைப் பற்றி 1855ஆம் ஆண்டிலும் அவர் எழுதிய நூல்கள் வெளிவந்தன. இருந்த இடத்திலிருந்தே உலகை வலம் வந்த அவருடைய உழைப்பை என்னென்பது!

ஜான் தக்கர் சென்னையில் திருச்சபைத் தொண்டர் சங்கத்தின் செயலாளராகப் பல்லாண்டு பணியாற்றினார். நெல்லைச் சீமையின் நிலையை அவர் தம் தங்கையார்க்கு எழுதுவது வழக்கம். அங்குச் சிறுவர்க்குப் பள்ளிகள் எழுந்தன. சிறுமியரோ பெரும்பாலும் எழுத்தறியாதிருந்தனர். ஆண் ஆசிரியர்களிடம் பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். பெண் ஆசிரியர்களோ இல்லை. ஆசிரியை இல்லாமையால் கற்ற பெண் இல்லை. கற்ற பெண் இல்லாமையால் ஆசிரியையும் இல்லை. இந்த வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும் என அம்மையார் உணர்ந்தார். பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றினால், அவர்கள் ஊர்தோறும் சென்று பிறரைப் பயிற்றுவர் அன்றோ? எனவே அவர் தம் தோழியரைத் துணையாகக் கொண்டு பொருள் திரட்டி அனுப்பினார். 1857ஆம் ஆண்டில் அம்மையார் மறைந்தார். அன்பர்கள் அவருடைய எண்ணத்தை மறையவிடவில்லை. அவர் பெயரால் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி தோன்றிப் பாளையங்கோட்டையில் வேரூன்றியது. அந்நிறுவனத்திலிருந்தே 1895ஆம் ஆண்டில் சாராள் தக்கர் கல்லூரி மலர்ந்தது. சென்னை மாகாணத்துப் பெண்கள் கல்லூரிகளுள் அது மிகப் பழமையானது.

அம்மையார் நட்ட மரம் அவர் எண்ணியிராத கிளையும் விட்டது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்க்வித் அம்மையார், பார்வையற்ற பிள்ளைகள் கல்வியின்றி வாழ்நாளைக் கழிப்பதைக் கண்டு வருந்தினார். 1890ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் அவர்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். இந்திய நாட்டில் பார்வையற்றோர்க்காக எழுந்த முதற் பள்ளிகளுள் அதுவும் ஒன்று. பிரான்சு நாட்டு லூயி பிரெயில் வகுத்த புள்ளி எழுத்து முறையே அத்தகைய கல்விக்கு அடிப்படை. அம்முறையில் ஆறு புள்ளிகளைப் பல்வேறாக இணைத்து 63 குறிகளை அமைக்கலாம். தமிழ் எழுத்துகளோ 247. எனினும் கலக்கம் வேண்டா. உயிருக்கும் மெய்க்கும் தனித்தனிக் குறிகள் இருந்தால் போதும். ககரக் குறியை அடுத்து இகரக் குறியை இட்டால் ‘கி’ ஆகிவிடும். தொடக்கத்தில் இந்திய மொழிகளுக்குப் பல வகையான புள்ளி முறைகள் வழங்கின. 1951ஆம் ஆண்டில் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை அமைந்தது. தடித்த தாளில் முள் போன்ற எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக விரலால் தடவிப் படிக்கும் திறன் வியத்தற்குரியது.

அதே ஊரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், புளோரன்சு சுவெயின்சன் அம்மையார் செவித்திறன் அற்ற பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியை நிறுவினார். ஓசை கேளாதவர் பேச்சை எவ்வாறு அறிவர்? பேசுவோரின் உதட்டசைவு, கைச்சைகை, எழுத்து ஆகியவற்றைக் கண்ணால் கற்றே அறிவர்.

பள்ளியில் இவ்வாறு கற்றுத் தேறியவர் கல்லூரி வாயிலில் வந்து நிற்கும்போது புதிய சிக்கல் தோன்றுகிறது. சிறப்புப் பள்ளியில் ஆசிரியர் அனைவரும் அவர் தேவையை அறிந்திருந்தனர். கல்லூரியிலோ கரும்பலகையில் எழுதப்படுவதைப் பார்வையற்றவர் காண இயலாது. விரிவுரையைச் செவித்திறன் அற்றவர் கேட்க இயலாது. தேர்வில் புள்ளி எழுத்தால் விடை எழுதினால், திருத்துவோர் அதனைப் படிக்க அறியார். அறிவு இருந்தும் அதனை வெளிப்படுத்த வழியின்றி அம்மாணவர் தோல்வியுற்றால், தோல்வி அவருடையதா? வழி செய்யத் தவறிய நம்முடையதா?

சாராள் தக்கர் அம்மையாரே இளம் மாணவியாக இன்று ஒரு கல்லூரிக்கு வருகிறார் எனக் கற்பனை செய்து பாருங்கள். நான்கு மொழி வல்ல பேராசிரியர் இருந்தென்ன? பல்லாயிரம் நூல்கள் நிறைந்த நூலகம் இருந்தென்ன? வகுப்பறை இரண்டாம் மாடியில் இருந்து, ஏறிச் செல்லப் படிக்கட்டு மட்டுமே இருந்தால், அவர் கீழ்ப்படியிலேயே நின்றுவிடுவார். அங்கு ஒரு சாய்தளம் அமைப்பதும், அவருடைய வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவதும் பெருஞ் செயல்கள் அல்ல. ஆனால் அவருக்கு அவையே கல்வி.

இத்தகைய வசதிகளை இந்நாட்டுச் சட்டம் உரிமையாகவே ஏற்றுக்கொண்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வித்திட்டது. 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊனத்தின் வகைகளை 7லிருந்து 21 ஆக விரித்தது. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் நூற்றுக்கு ஐந்து இடங்களுக்குக் குறையாமல் ஒதுக்கவும் பணித்தது. தேர்வு எழுத இயலாதவர் சொல்லச் சொல்ல எழுதுபவரைத் துணையாகக் கொள்ளலாம். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் காலம் அளிக்க வேண்டும் என 2013ஆம் ஆண்டில் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. அதன்படி மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம் கிடைக்கும்.

இது சலுகை ஆகாதோ எனச் சிலர் ஐயுறுவர். ஆராய்ந்து பார்த்தால் ஐயம் நீங்கும். துணை எழுத்தாளர் தாமாக ஒரு சொல்லும் சேர்க்கலாகாது. மாணவர் தவறாகச் சொன்னால் தவறாகவே எழுத வேண்டும். வினாவைக் கேட்டு நினைவில் நிறுத்தவும், விடையைச் சொல்லி எழுதுவிக்கவும், எழுதியதைப் படிக்கச் சொல்லிச் சரிபார்க்கவும் காலம் செல்கிறது. அந்தக் காலமே கூடுதலாக அளிக்கப்படுகிறது. வினாத்தாள் எளிதாக்கப்படுவதில்லை, மதிப்பெண்ணும் இரங்கி இடப்படுவதில்லை. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டுவோர், கடப்பவருக்காக நடப்பதில்லை. நடக்க வழி மட்டுமே செய்கின்றனர்.

மாணவர்களே! சட்டம் எழுதிய பாலத்தை மனிதர் கைகளே கட்டி முடிக்க வேண்டும். பாடநூலைத் தெளிவாகப் படித்து ஒலிப்பதிவு செய்து தருதல், விரிவுரைக் குறிப்பைப் பகிர்தல், தேர்வில் நேர்மையோடு துணை எழுத்தாளராக அமர்தல் ஆகியவை உங்களாலும் இயலும். ஆனால் உதவும் முன், என்ன உதவி வேண்டும் என அவரையே கேளுங்கள். தம் தேவையை அவரே நன்கு அறிவார்.

நடமாட்டம் தடைப்பட்ட ஒருவர் கடலுக்கு அப்பாலிருந்து எண்ணிய எண்ணம், தலைமுறை தலைமுறையாகப் பெண்களைக் கல்வியின் கரை சேர்த்தது. உடற்குறை உடையோர் உதவி பெறுபவராக மட்டுமே இருப்பர் என்னும் எண்ணம் பிழையானது என்பதற்கு அவர் வாழ்வே சான்று. கல்லூரி வாயிலில் இன்று ஊன்றுகோலுடன் நிற்கும் மாணவி நாளை எத்தனை பேருக்கு வழிகாட்டுவாரோ, யார் அறிவார்? அவர் உள்ளே வர வழி செய்தலே சாராள் தக்கர் அம்மையார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.