கோபக்காரப் பையன் பாபி ஜோன்ஸ்



போன மாதம் கிரிக்கெட் மேட்சில் அவுட் ஆனதும் நான் பேட்டைத் தூக்கி எறிந்தேன். நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பி.டி. சார் என்னைத் திட்டவில்லை. பாபி ஜோன்ஸ் என்பவரைப் பற்றிப் படித்து சுவரிதழுக்கு எழுதித் தரச் சொன்னார். அதுதான் தண்டனை! கோல்ஃப் எல்லாம் பணக்காரங்க ஆட்டம், நமக்கு எதுக்குன்னு முதல்ல கடுப்பாத்தான் இருந்தது. படிச்ச பிறகு அப்படி இல்லை.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக ஒன்று. மொத்தம் 18 குழிகள். மட்டையால் அடித்து ஒவ்வொரு குழியிலும் பந்தைப் போட வேண்டும். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவர்தான் வெற்றி. நம்ம கிரிக்கெட் மாதிரி பக்கத்திலேயே அம்பயர் நின்றுகொண்டிருக்க மாட்டார். தப்பு நடந்தா ஆடுறவரே சொல்லணும். இது முக்கியம், பின்னால் வரும்.

பாபி ஜோன்ஸ் 1902 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பிறந்தார். அப்பா வக்கீல். பாபி ரொம்ப நோஞ்சான் குழந்தை. 5 வயது வரை கெட்டியான சாப்பாடே ஒத்துக்கொள்ளவில்லையாம். நல்ல காற்றுக்காக ஈஸ்ட் லேக் என்ற கோல்ஃப் மைதானத்தின் பக்கத்தில் வீடு எடுத்தார்கள். அங்கே ஸ்டூவர்ட் மெய்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கோல்ஃப் கற்றுக்கொடுத்து வந்தார். பாபி அவரிடம் முறையாகப் பாடம் எதுவும் படிக்கவில்லை. அவர் பின்னாலேயே சுற்றுவார், அவர் அடிப்பதைப் பார்ப்பார், பிறகு தனியாக வந்து அதே மாதிரி அடித்துப் பார்ப்பார். அவ்வளவுதான் பயிற்சி!

14 வயதில், 1916-இல், அமெரிக்க அமெச்சூர் போட்டியில் ஆடினார். அமெச்சூர் என்றால் காசு வாங்காமல் ஆடுபவர். பிலடெல்பியா பக்கத்தில் உள்ள மெரியன் மைதானத்தில் நடந்தது. முதல் சுற்றிலேயே பழைய சாம்பியன் எபன் பையர்ஸைத் தோற்கடித்தார். அந்த மேட்சில் ரெண்டு பேருமே கோபத்துல மட்டையைத் தூக்கி எறிஞ்சாங்களாம்! கால் இறுதி வரை போய்த் தோற்றார்.

அவ்வளவு திறமை இருந்தும் அடுத்த 7 வருடம் ஒரு பெரிய கோப்பைகூடக் கிடைக்கவில்லை. காரணம் கோபம்தான். 1921-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓப்பன் நடந்தது. 11-வது குழியில் பந்து பங்கர் என்கிற மணல் பள்ளத்தில் விழுந்துவிட்டது. அடித்து அடித்துப் பார்த்தார், வெளியே வரவில்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியை விட்டே விலகிவிட்டார். அதே வருடம் அமெரிக்காவில் அவர் வீசிய மட்டை, வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெண்ணின் காலில் பட்டுவிட்டது. கோபத்தை அடக்காவிட்டால் இனி எங்கள் போட்டிகளில் ஆட முடியாது என்று அமெரிக்க கோல்ஃப் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது.

சார் ஏன் இவரைப் பற்றி எழுதச் சொன்னார்னு எனக்கு இங்கதான் புரிஞ்சது.

கோபம் ஒரே நாளில் போய்விடவில்லை. ஆனால் அவர் யோசிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு குழியையும் ஒரு நல்ல ஆட்டக்காரர் இத்தனை அடிகளில் முடிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் 'பார்' என்று பெயர். எதிரில் ஆடுபவரை மறந்துவிட்டு, இந்தப் பாருடன் மட்டும் போட்டி போட ஆரம்பித்தார். ஒரு அடி மோசமாகப் போனால் அது போனதுதான், அடுத்த அடியைப் பார்க்க வேண்டும். 1923-இல் யு.எஸ். ஓப்பனை வென்றார். ஆனாலும் உள்ளுக்குள் பதற்றம் இருந்தது. பெரிய போட்டி நாட்களில் சாப்பாடு இறங்காது, எடை குறைந்துவிடும்.

இதற்கு நடுவில் படிப்பு வேறு! 1922-இல் ஜார்ஜியா டெக்கில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங், 1924-இல் ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம். அப்புறம் சட்டக் கல்லூரியில் சேர்ந்து, ஒரு வருடம் சொச்சம் படித்ததுமே வக்கீல் தேர்வில் பாஸ். வருடத்தில் சில மாதங்கள்தான் போட்டிகளில் ஆடினார். விளையாடினா படிப்பு கெட்டுடும்னு சொல்ற எங்க வீட்ல இந்தப் பத்தியை மட்டும் காட்டப்போறேன்.

இப்போது 1925. வூஸ்டர் நகரில் யு.எஸ். ஓப்பன். முதல் சுற்று, 11-வது குழி. பந்து புல்லுக்குள் கிடந்தது. அடிப்பதற்காக மட்டையைப் பக்கத்தில் வைத்தபோது புல்லில் பட்டு, பந்து துளி அசைந்துவிட்டது. அப்படி அசைந்தால் ஒரு அடி அபராதம். யாரும் பார்க்கவில்லை. பாபி தானாகவே போய்ச் சொன்னார். அதிகாரிகள் சுற்றி நின்றவர்களை விசாரித்தார்கள். பந்து அசைந்ததை யாருமே கவனிக்கவில்லை. முடிவை அவரிடமே விட்டார்கள். அவர் தன் கணக்கில் ஒரு அடியைக் கூட்டிக்கொண்டார்.

நாலு சுற்றும் முடிந்தபோது அவரும் வில்லி மக்ஃபார்லேனும் சமம். மறுபடி 18 குழி ஆடினார்கள். அதுவும் சமம்! இன்னும் ஒரு 18 குழி. அதில் பாபி தோற்றார், ஒரே ஒரு அடியில். அந்த ஒரு அடியைச் சொல்லாமல் இருந்திருந்தால் முதலிலேயே கோப்பை அவருக்குத்தான். இதற்காக அவரைப் பாராட்டினால் அவருக்குப் பிடிக்காதாம். விதிப்படி ஆடினதுக்கு எதுக்குப் பாராட்டு என்பது அவர் எண்ணம்.

நானா இருந்தா சொல்லியிருப்பேனா? தெரியலை. பேட்டுல லேசா பட்டு கீப்பர் பிடிச்சப்போ ஒரு தடவை நான் நகராம நின்னுருக்கேன்.

1927-இல் அதே செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. 1930-இல் பிரிட்டிஷ் அமெச்சூர், பிரிட்டிஷ் ஓப்பன், யு.எஸ். ஓப்பன், அமெரிக்க அமெச்சூர் என நாலையும் ஒரே வருடத்தில் ஜெயித்தார். கடைசிப் போட்டி நடந்தது எங்கே தெரியுமா? 14 வயதில் மட்டையை எறிந்த அதே மெரியன்! 8 வருடத்தில் மொத்தம் 13 பெரிய பட்டங்கள், பரிசுப் பணம் ஒரு காசு வாங்கவில்லை. அந்த வருடமே, 28 வயதில், போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு அகஸ்டாவில் ஒரு மைதானம் அமைத்தார். 1934 முதல் மாஸ்டர்ஸ் போட்டி நடப்பது அங்கேதான்.

1948-க்குப் பிறகு அவரால் ஆட முடியவில்லை. முதுகுத்தண்டில் நோய். முதலில் ஊன்றுகோல், பிறகு சக்கர நாற்காலி. 1958-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவரை அழைத்துத் தன் கௌரவக் குடிமகன் ஆக்கியது. அவருக்கு முன் அந்த மரியாதையைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மட்டும்தான், அதுவும் 1759-இல். விழா முடிந்து அவர் கிளம்பியபோது கூட்டம் எழுந்து ஒரு பழைய ஸ்காட்லாந்துப் பாட்டைப் பாடியது. 19 வயதில் அவர் கோபித்துக்கொண்டு விலகிய ஊர் அது. 1971 டிசம்பர் 18 அன்று இறந்தார்.