பாஸ்டரும் மூன்றாவது ஊசியும்

திண்டிவனத்தில் நாய்க்கடிபட்ட கூலித் தொழிலாளி ஒருவர் இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டார் என்றறிந்தபோது லூயி பாஸ்டரை நினைத்துக்கொண்டேன்.

தோல் பதனிடுபவரின் மகன் அவர். வேதியியலர், மருத்துவர் அல்லர். வெறிகொண்ட ஓநாய் கடித்தவர்களுக்குக் கொல்லர் பட்டறையில் சூடுபோட்ட காலத்தில் வளர்ந்தவர். 1885 ஜூலை 6 அன்று, நாய் குதறிய 9 வயது ஜோசப் மெய்ஸ்டர் அவரிடம் வந்தான். அதுவரை நாய்களிடம் சோதித்த மருந்து, பாஸ்டர் அஞ்சினார். மருத்துவர் கிரான்ஷேர்தான் ஊசி போட்டார். சில நாள்களில் 13 ஊசிகள், ஒன்றும் தவறவில்லை. சிறுவன் பிழைத்தான். பாஸ்டர் 1895இல் மறைந்தார். 1907இல் நம் குன்னூரிலேயே அவர் பெயரில் நிறுவனம் எழுந்தது.

இன்று அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ஆனால், விழுப்புரத்தில் பொருளாதாரம் பயிற்றுவித்த எனக்குத் தெரியும்: இழக்கும் ஒருநாள் கூலியே அதன் விலை. அந்தக் கூலியைக் கொடுத்துத்தான் அவரை மூன்றாவது ஊசிக்கு அழைத்துச் சென்றேன்.