கரியில் நிலைத்த ஓவியங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், புகழ்பெற்ற ஓவியங்களை நேரில் காண இயலாதோர் செதுக்கு அச்சுப்படங்களையே நம்பியிருந்தனர். செப்புத் தகட்டில் செதுக்குபவரின் கை, மூல ஓவியரின் கோட்டைத் தன் பழக்கத்திற்கேற்ப மாற்றிவிடும். அக்கையை இடையிலிருந்து விலக்க முனைந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் அடோல்ஃப் பிரோன்.

1812இல் பிரான்சு நாட்டின் பெசான்சோன் நகரில் பிறந்த அவர், துணிகளுக்கு வடிவம் வரைபவர். அச்சுத்துணிக்குப் பெயர்பெற்ற முலூஸ் நகரை அடுத்த தோர்னாக்கில் குடியேறினார். துணியில் பூவேலை வரைவோர்க்கு மாதிரியாகப் பயன்படட்டும் என்று மலர்களை ஒளிப்படம் எடுக்கத் தொடங்கினார். அவை முந்நூறாகப் பெருகின. 1855ஆம் ஆண்டுப் பாரிசு உலகக் கண்காட்சியில் அப்படங்கள் கலைப்படைப்புகளாகவே போற்றப்பட்டன.

ஓவியங்களைப் படமெடுப்பதிலோ இரண்டு இடர்கள் குறுக்கிட்டன. வெள்ளி உப்பைக் கொண்டு அச்சிட்ட படங்கள் நாளடைவில் மஞ்சளித்து மங்கின. மேலும், அன்றைய தகடுகள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன. ஓவியத்தின் நீலவானம் படத்தில் வெளுக்கும். செம்மையும் மஞ்சளும் இருண்டுபோகும். ஓவியர் அமைத்த ஒளிநிழல் தலைகீழாகிவிடும்.

முதல் இடருக்குத் தீர்வு இங்கிலாந்திலிருந்து வந்தது. சோசப் சுவான் என்பவர் 1864இல் காப்புரிமை பெற்ற கரி அச்சுமுறையின் உரிமையைப் பிரோன் 1866இல் வாங்கினார். கரித்தூள் கலந்த ஊன்பசைப் படலத்தை வேதிப்பொருளால் ஒளியுணரச் செய்வர். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் வெந்நீரில் கரைந்தோடும். எஞ்சுவது கரியாலான உருவம்; கரிக்கு மங்கும் இயல்பில்லை.

இரண்டாம் இடரை அவர் வெல்லவில்லை. விலகிச் சென்றார் என்பதே பொருந்தும். பல வண்ண ஓவியங்களை விடுத்து, பழம்பெரும் ஓவியர்களின் ஒருநிறக் கோட்டோவியங்களை நாடினார். கரிக்கு மாற்றாக வேறு நிறப்பொடியையும் படலத்தில் கலக்கலாம் ஆதலின், செஞ்சுண்ணக் கோட்டோவியத்தைச் செந்நிறத்திலேயே அச்சிட முடிந்தது. லூவர், வியன்னா, பிளாரன்சு எனப் பல இடங்களின் சேகரிப்புகளை அவருடைய படப்பெட்டி பதிவு செய்தது. உரோமில் மைக்கேலாஞ்சலோ தீட்டிய சிஸ்தைன் சிற்றாலயக் கூரையும் அதற்குத் தப்பவில்லை.

1871இல் போரின் முடிவில் அல்சேசுப் பகுதி செருமனி வசமானது. பிரோனின் பணிமனை ஒரே ஆண்டில் அயல்நாட்டு மண்ணாயிற்று. ஆயினும் தொழில் நிற்கவில்லை. 1873இல் எர்மன் வோகல் என்னும் செருமானிய அறிஞர், சாயமூட்டிய தகடு பிற நிறங்களையும் உணரும் எனக் கண்டறிந்தார். வண்ண ஓவியங்களுக்கு வழி திறந்தது. அதன் முழுப்பயனைக் காணாமலேயே 1877இன் இறுதியில் பிரோன் மறைந்தார்.

1883இல் லூவர் அருங்காட்சியகம் தன் ஓவியங்களைப் படமெடுக்கும் பணியை 30 ஆண்டுகளுக்கு அவர் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அப்போதும் அதன் பணிமனை செருமானிய ஆட்சிக்குட்பட்ட தோர்னாக்கிலேயே இயங்கி வந்தது.