அன்ரன் பாலசிங்கமும் ஏ9 பாதையும்

2002 பெப்ரவரி 22இல் கையொப்பமான போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னிணைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. தடையின்றிக் கொண்டுபோக முடியாத பொருட்களின் பட்டியல் அது. வெடிபொருள், முட்கம்பி, தொலைநோக்கி, திசைகாட்டி என்று போகும் அந்த வரிசையில் பென்ரோச் பற்றரியும் உண்டு. டீசல், பெற்றோல், சீமெந்து, இரும்புக் கம்பி ஆகியவற்றுக்குத் தனியான கட்டுப்பாடுகள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாழ்ந்தவர்களுக்கு இது விளங்கும். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள், ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தவர்கள் அவர்கள். ஒரு பற்றரி எந்த வாசலால் வருகிறது, யார் அனுமதித்து வருகிறது என்பது அவர்களுக்கு அரசியல் கேள்வியாகவே இருந்தது.

அன்ரன் பாலசிங்கத்தைத் தத்துவாசிரியர் என்றும் தேசத்தின் குரல் என்றும் நினைவுகூருகிறோம். ஆனால் பேச்சாளராக அவர் செலவிட்ட ஆண்டுகளின் பெரும்பகுதி பாதைகள், படகுத் துறைகள், பொருளாதாரத் தடை, இராணுவம் இருக்கும் பாடசாலைகள் ஆகியவற்றைப் பற்றிய பேரத்திலேயே கழிந்தது. அவருடைய வாழ்க்கையை அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் குறைவு.

1938இல் பிறந்தவர். வளர்ந்தது வடமராட்சிக் கரவெட்டியில். அறுபதுகளின் தொடக்கத்தில் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையை ஒட்டிய கிராண்ட்பாஸில் இருந்த வீரகேசரி அலுவலகத்தில் துணை ஆசிரியரானார். ரொய்ட்டர் அனுப்பும் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவது அவருடைய வேலை. பிறகு கொழும்பில் உள்ள பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயத்தில் மொழிபெயர்ப்பாளர். இரண்டு இடத்திலும் தொழில் ஒன்றுதான்: ஒரு தரப்பின் சொல்லை மறு தரப்புக்குப் புரியும்படி சொல்வது. பின்னாளில் பேச்சுமேசையிலும் அதையே செய்தார் என்று நான் நினைப்பதுண்டு. 1968இல் பேர்ளைத் திருமணம் செய்தார். 1971இல் இருவரும் இலண்டன் போனார்கள். சிறுநீரக நோயால் நெடுநாள் துன்பப்பட்ட பேர்ள் 1976இல் இறந்தார். 1978இல் அவுஸ்திரேலியரான அடேலை மணந்தார். அதன் பின்னரான இயக்க வாழ்க்கையைப் பலர் எழுதிவிட்டார்கள், அடேலும் எழுதியிருக்கிறார்.

1985 திம்புவை விட்டுவிடுவோம். அங்கே பேசப்பட்டது கோட்பாடு. நிலத்தில் இருந்து ஒரு படை விலகும்போது என்ன நடக்கும் என்ற கேள்வி அவர் முன் வந்தது 1989 மேயில்தான். ஜனாதிபதி பிரேமதாசவின் அழைப்பில் புலிகளின் குழு கொழும்புக்கு வந்து ஹில்டன் ஹோட்டலில் தங்கியது. பாலசிங்கம் தலைமை தாங்கினார். அரசின் பக்கத்தில் ஏ.சி.எஸ். ஹமீட். இந்திய இராணுவம் வெளியேற வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 1990 மார்ச் 24இல் கடைசி இந்தியச் சிப்பாயும் திருகோணமலையில் கப்பலேறினார். விலகிய பின் அந்த நிலத்தை யார் ஆள்வது, யார் கட்டியெழுப்புவது என்பதற்கு விடை எழுதப்படவே இல்லை. மூன்று மாதம் முடிவதற்குள், அந்த யூனில், போர் திரும்பியது. கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் புலிகளால் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். பாதை அறுந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியே போவதென்றால் இரவில் கிளாலிக் கடல்நீரேரி. கடற்படையின் சூட்டில் அந்த நீரில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1994, 95இல் சந்திரிகா அரசுடன் நடந்த பேச்சில் அவர் மேசையில் அமரவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து ஆலோசனை சொன்னார். மீண்டும் அதே விடயங்கள்: பொருளாதாரத் தடை, மீன்பிடித் தடை, பூநகரி முகாம், சங்குப்பிட்டிப் பாதை. தடையைத் தளர்த்துவதாக அரசு சொன்ன பொருட்கள் சோதனைச்சாவடி தாண்டி வரவில்லை என்று புலிகள் குறைகூறினர். முதலில் அரசியல் தீர்வைப் பேசுவோம் என்றது அரசு. முதலில் மக்களின் அன்றாட வாழ்வைச் சரிசெய்யுங்கள் என்றனர் புலிகள். 1995 ஏப்ரலில் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்கள் தகர்க்கப்பட, எல்லாம் முடிந்தது. ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் செம்மணி வழியே நடந்தது.

அதன் பிறகு ஒரு வாசல் அவருடைய சொந்த உயிருக்கே தேவைப்பட்டது. நீரிழிவு அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்திருந்தது. வன்னியில் அதற்கு வைத்தியம் இல்லை. நோர்வே ஊடாகக் கேட்டபோது கொழும்பு நிபந்தனைகளை அடுக்கியது. புலிகள் ஏற்கவில்லை. 1999 ஜனவரியில் கடல்வழியே இரகசியமாகத்தான் அவர் வெளியேற முடிந்தது. பின்னர் ஒஸ்லோவில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. முதல் மனைவியைக் கொன்ற நோயுடன் வாழ்ந்துகொண்டே நோர்வேயின் தூதர்களுடன் 2002 உடன்படிக்கையின் வாசகங்களைப் பேசி முடித்தார்.

மார்ச் 25இல் மாலைதீவில் இருந்து கடல் விமானத்தில் வந்து இரணைமடுக் குளத்தில் இறங்கினார். ஏப்ரல் 8இல் முகமாலை திறந்தது. இரண்டு நாளில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் பிரபாகரனுக்குப் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தார். முஸ்லிம்களுக்கு இழைக்கப்பட்டதற்கு அங்கே வருத்தம் தெரிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு தாமதம்.

அந்த ஏப்ரலின் மகிழ்ச்சியை வெள்ளவத்தையில் பார்த்திருக்க வேண்டும். அதுவரை கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் போக இரண்டே வழிகள்: இரத்மலானையில் விமானம், திருகோணமலையில் கப்பல். பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்காகவே நாட்கணக்கில் அலைய வேண்டும். இப்போது காலி வீதியில் ஏறினால் ஊரில் இறங்கலாம். ஓமந்தையில் இறங்கி இராணுவத்தின் சோதனை, புளியங்குளத்தில் புலிகளின் பதிவும் சுங்கமும், முகமாலையில் மீண்டும் இரண்டும். ஆனாலும் போனார்கள். கொட்டாஞ்சேனையில் பத்து வருடமாக அறை வாடகை கட்டிய தாய்மார் கூரை இல்லாத வீட்டைப் பார்த்து அழுதுவிட்டுத் திரும்பி வந்தார்கள். பாதை திறந்ததற்கு நன்றி சொன்ன வியாபாரிகளே அந்தப் பாதையில் புலிகள் அறவிட்ட வரியைத் திட்டினார்கள். விலையில் அதைச் சுமந்தது வாங்குபவர்தான். பாலசிங்கம் வென்றெடுத்த வாசலை அவருடைய இயக்கம் உண்டியலாகவும் வைத்திருந்தது.

உடன்படிக்கைப்படி வணக்கத்தலங்களை 30 நாளிலும் பாடசாலைகளை 160 நாளிலும் படைகள் விட வேண்டும். சில விடப்பட்டன. வலிகாமம் வடக்கின் உயர் பாதுகாப்பு வலயம் அசையவில்லை. சத்தஹிப், நக்கொன் பத்தொம், ஒஸ்லோ, பேர்லின், ஹக்கோனே என ஆறு சுற்றுப் பேச்சு நடந்தது. உடனடி மனிதாபிமானத் தேவைகளுக்கென ஓர் உபகுழு அமைந்தது. வடகிழக்குக்கான நிதியை உலக வங்கி பொறுப்பேற்பதாக இணங்கப்பட்டது. வீடு, கிணறு, படகு, வலை என்று மக்களின் கையில் எதுவும் சேருமுன் 2003 ஏப்ரல் வந்தது. வாஷிங்டனில் நடந்த உதவி வழங்குநர் கூட்டத்துக்குப் புலிகள் அழைக்கப்படவில்லை. அமெரிக்கா அவர்களைத் தடை செய்திருந்தது. ஏப்ரல் 21இல் பாலசிங்கம் ரணில் விக்கிரமசிங்கவுக்குக் கடிதம் எழுதிப் பேச்சை நிறுத்திவைத்தார். யூனில் ரோக்கியோவில் 450 கோடி டொலர் வாக்களிக்கப்பட்டபோது புலிகளின் கதிரை வெறுமையாக இருந்தது.

கடிதத்தில் சொன்ன குறைகளில் பல உண்மை. இயல்பு வாழ்வு திரும்பவில்லை என்பதும் உண்மை. ஆனால் அன்றாட வாழ்வே முதலில் என்று பல வருடம் வாதாடியவர், அந்த வாழ்வுக்கான பணம் மேசைக்கு வந்த வேளையில் எழுந்து போனது சரியான முடிவென்று என்னால் எழுத முடியவில்லை. கோபத்தோடு போயிருந்தாவது ரோக்கியோவில் அமர்ந்திருக்கலாம். அது அவருடைய முடிவா, வன்னியின் முடிவா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். கையொப்பம் அவருடையது.

2006 பெப்ரவரியில் ஜெனீவாவுக்குக் குழுவைக் கூட்டிச் சென்றதே அவர் தலைமை தாங்கிய கடைசிப் பேச்சு. ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 மூடப்பட்டது. குடாநாட்டில் அரிசிக்கும் சீனிக்கும் வரிசை. ஒக்டோபர் இறுதியில் ஜெனீவாவில் மீண்டும் கூடியபோது தமிழ்ச்செல்வன் தலைமை தாங்கினார்; பாலசிங்கம் அங்கே இல்லை. பாதையைத் திற என்பதே கோரிக்கை. அரசு மறுத்தது. அடுத்த திகதி குறிக்காமலே கலைந்தார்கள். பித்தக்குழாய்ப் புற்றுநோயுடன் இலண்டனில் இருந்த அவர் டிசம்பர் 14இல் இறந்தார். வயது 68.

பாதை மூடியதால் ஊருக்குத் திரும்ப முடியாதவர்கள், வெளிநாட்டு விசாவுக்கும் வைத்தியத்துக்கும் வந்தவர்கள், ஆட்கடத்தலுக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் என வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகள் அடுத்த வருடம் நிரம்பி வழிந்தன. 2007 யூன் 7 அதிகாலை பொலிஸார் கதவுகளைத் தட்டி, 300இற்கும் மேற்பட்டவர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; பலர் கொழும்புக்குத் திருப்பி அழைத்து வரப்பட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் வவுனியாவுக்கு அப்பால் போக வழியே இருக்கவில்லை. முகமாலை மூடியே கிடந்தது.