சேலம் சி. விஜயராகவாச்சாரியார்

சேலம் சி. விஜயராகவாச்சாரியார் (சூன் 18, 1852 – ஏப்ரல் 19, 1944) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் வழக்கறிஞரும் ஆவார். தென்னிந்தியாவின் சிங்கம் என அழைக்கப்பட்டவர்.

இளமை

செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள பொன்விளைந்த களத்தூரில் வைணவக் குடும்பத்தில் பிறந்தார். 1875 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். வகுப்புகளுக்குச் செல்லாமல் தாமே சட்டம் பயின்று, 1881 இல் சேலத்தில் வழக்கறிஞரானார். 1882 இல் சேலம் நகராட்சி மன்ற உறுப்பினரானார்.

சேலம் கலவர வழக்கு

அதே ஆண்டில் சேலத்தில் இந்துக்களுக்கும் முசுலிம்களுக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டது. அதைத் தூண்டியவர்களுள் ஒருவர் என விஜயராகவாச்சாரியார் மீது குற்றஞ்சாட்டப்பட்டு, பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தாம் விடுபட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. உடன் தண்டிக்கப்பட்ட மற்றவர்களின் விடுதலைக்காக வைசிராய் ரிப்பன் பிரபுவிடம் முறையிட்டார்.

நகராட்சிப் பதவி வழக்கு

கலவர வழக்கைக் காரணங்காட்டி அரசு அவரை நகராட்சி மன்றத்திலிருந்து நீக்கியிருந்தது. இதை எதிர்த்து, இலண்டனிலிருந்த இந்திய அமைச்சரையே பிரதிவாதியாக்கி இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி மீது எவ்வாறு வழக்குத் தொடுக்கலாமோ அவ்வாறே இந்திய அமைச்சர் மீதும் தொடுக்கலாம் என 1858 ஆம் ஆண்டுச் சட்டம் கூறியிருந்தது. ஆயினும் ஆட்சியாளரின் நிர்வாக முடிவை நீதிமன்றம் ஆராயலாமா என்பது அக்காலத்தில் தெளிவற்ற கேள்வியாகவே இருந்தது. 1884 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த இவ்வழக்கு சட்டத் தீர்ப்புத் தொகுப்புகளில் இடம்பெற்றது. இறுதியில் அவருக்கு 100 ரூபாய் இழப்பீடு கிடைத்தது. தொகை சிறிதே. ஆனால் மக்கள் பிரதிநிதி ஒருவரைச் சட்டத்துக்குப் புறம்பாக நீக்கியதற்கு அரசே பணம் கட்ட நேர்ந்தது என்பதே நாடெங்கும் பேசப்பட்டது.

அரசியல் வாழ்வு

1895 முதல் ஆறு ஆண்டுகள் சென்னைச் சட்டமன்றத்திலும், 1913 முதல் 1916 வரை பேரரசுச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். 1920 திசம்பரில் நாக்பூர் காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். வழக்கறிஞர்கள் நீதிமன்றத் தொழிலைக் கைவிட வேண்டும் என்ற அறைகூவலை உள்ளடக்கிய ஒத்துழையாமைத் தீர்மானம் அம்மாநாட்டில் நிறைவேறியது. பிரித்தானிய நீதிமன்றத்தில் வழக்காடியே புகழ்பெற்ற ஒருவரின் தலைமையில் இது நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

1931 இல் இந்து மகாசபையின் அகோலா மாநாட்டுக்கும் தலைமை வகித்தார். இவரது பெயரில் சேலத்தில் நினைவு நூலகமும் சொற்பொழிவுக் கூடமும் அமைக்கப்பட்டன.