பெட்ரோல் இல்லாத காலத்தில் பஸ் ஓட்டியவர்: டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் ஐயங்கார் நெருக்கடிகளைச் சமாளித்தது எப்படி?

பாடி மேம்பாலத்தில் இறங்கி அம்பத்தூர் பக்கம் எம்.டி.எச். ரோட்டில் போகிற யாருக்கும் அந்தப் பெயர்ப் பலகைகள் பழக்கம்தான். லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். லூகாஸ் என்பது பஸ் ஸ்டாப் பெயராகவே ஆகிவிட்டது. இந்த நிறுவனங்கள் எல்லாமே ஒரே குடும்பத்தில் இருந்து வந்தவை. ஆனால் அந்தக் குடும்பத்தின் தொழிலைத் தொடங்கியவர் பாடியில் ஒரு தொழிற்சாலையைக்கூடப் பார்க்கவில்லை. அவர் நடத்தியது பஸ் கம்பெனி. அந்த பஸ்களும் இன்று இல்லை.

பஸ் போன பிறகும் தொழில் எப்படி நின்றது? புயல், வெள்ளம், மின்தடை, மூலப்பொருள் தட்டுப்பாடு என எது வந்தாலும் தொழில் நிற்காமல் ஓட முன்கூட்டியே போட்டு வைக்கும் ஏற்பாட்டை இன்று 'தொழில் தொடர்ச்சித் திட்டம்' என்கிறார்கள். 2012-ல் இதற்கென ஐ.எஸ்.ஓ. 22301 என்ற சர்வதேசத் தரமே வந்துவிட்டது. அந்தப் பெயர் எதுவும் இல்லாத காலத்தில் அந்த வேலையைச் செய்தவர் டி.வி.சுந்தரம் ஐயங்கார். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

யார் இந்த சுந்தரம் ஐயங்கார்?

1877 மார்ச் 22 அன்று திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தார். டி.வி.எஸ். என்ற எழுத்துகளில் முதல் எழுத்து அந்த ஊர்தான். முழுப்பெயர் திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார்.

முதலில் வக்கீல் தொழில். பிறகு ரயில்வேயில் வேலை. அதற்குப் பிறகு வங்கியில் வேலை. அந்தக் காலத்தில் வங்கி உத்தியோகம் என்றால் யாரும் விட மாட்டார்கள். அவர் 1911-ல் அதை விட்டார். மதுரையை மையமாக வைத்து டி.வி. சுந்தரம் ஐயங்கார் அண்ட் சன்ஸ் தொடங்கியது. 1912-ல் பஸ் ஓடத் தொடங்கியது. சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் தென்மாவட்டங்கள் முழுக்கப் பரவின.

அப்போது ஊருக்கு ஊர் போவது என்றால் மாட்டுவண்டி, குதிரைவண்டி, இல்லைன்னா ரயில். ரயில் இல்லாத ஊருக்கு நேரத்துக்குப் போய்ச் சேருவது அதிர்ஷ்டம். அந்த இடத்தில்தான் டி.வி.எஸ். பஸ் பெயர் வாங்கியது. பஸ் போகிற நேரத்தை வைத்து வீட்டுக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள் என்பது மதுரைப் பக்கம் இன்றும் சொல்லப்படும் பேச்சு. மாட்டு லாடத்தில் இருந்து ரோட்டில் விழும் ஆணிகள் டயரைப் பதம் பார்க்கக் கூடாது என்று வண்டியில் காந்தம் கட்டி ஆணி பொறுக்கினார்கள் என்றும் பழைய ஆட்கள் சொல்வதுண்டு.

பஸ் நேரத்துக்கு வர வேண்டும் என்றால் பின்னால் ஒர்க்‌ஷாப் வேண்டும், உதிரிபாகம் கையிருப்பில் வேண்டும், வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டும். அந்த மூன்றையும் அவர் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தார். சும்மா இருக்கும் நாட்களில் இது வெறும் செலவாகத் தெரியும். அதன் அவசியம் 1940-களில்தான் புரிந்தது.

பெட்ரோல் நின்றபோது என்ன நடந்தது?

இரண்டாம் உலகப் போரில் ராணுவத் தேவைதான் முதலில். 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. நிலைமை அதற்குப் பிறகு இன்னும் மோசமானது. இந்தியாவுக்குப் பெருமளவு எண்ணெய் பர்மாவில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பான் வசமானது. பின்வாங்கிய பிரிட்டிஷார் பர்மா எண்ணெய்க் கிணறுகளைத் தாங்களே அழித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு பஸ் முதலாளியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வண்டி இருக்கிறது. டிரைவர் இருக்கிறார். பயணிகளும் இருக்கிறார்கள். டேங்கில் ஊற்ற எதுவும் இல்லை. எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் வாங்க முடியாது. அவருக்கு முன் இருந்த வழிகள் இரண்டு: போர் முடியும் வரை வண்டிகளை ஷெட்டில் நிறுத்துவது அல்லது வேறு எரிபொருள் தேடுவது. அவர் இரண்டாவது வழியை எடுத்தார். டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியை வடிவமைத்துத் தயாரித்தார்கள்.

கரியில் பஸ் எப்படி ஓடியது?

வண்டியில் ஒரு பெரிய இரும்புப் பீப்பாயைப் பொருத்துவார்கள். அதில் மரக்கரியைப் போட்டு எரிப்பார்கள். ஆனா முழுசாக எரிய விடக் கூடாது. காற்றைக் குறைவாக விட்டால் கரி அரைகுறையாக எரியும். அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற எரியக்கூடிய வாயு வரும். அந்த வாயுவை வடிகட்டி, சாம்பல் தூசியை நீக்கி, குளிரவைத்து, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் அனுப்பினால் பெட்ரோலுக்குப் பதிலாக அது எரியும். இன்ஜின் அதே இன்ஜின்தான், உள்ளே போகிற எரிபொருள்தான் மாறுகிறது.

இது அவருடைய புதுக் கண்டுபிடிப்பு அல்ல. ஐரோப்பாவில் 1920-களிலேயே இப்படி வண்டிகள் ஓடின. போர்க் காலத்தில் ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் பெரிய எண்ணிக்கையில் ஓடின. ஆனால் போர்க் காலத்தில் வெளிநாட்டில் இருந்து அதை வரவழைப்பது சிரமம். இங்கே கிடைக்கும் இரும்பையும், இங்கே கிடைக்கும் கரியையும், இங்கே உள்ள மெக்கானிக்கையும் வைத்துச் செய்ய வேண்டும். ஒர்க்‌ஷாப்பும் ஆட்களும் ஏற்கெனவே கையில் இருந்ததால்தான் இது முடிந்தது. நெருக்கடி வந்த பிறகு ஒர்க்‌ஷாப் கட்டலாம் என்று இருந்திருந்தால் போரே முடிந்திருக்கும்.

கரி வண்டியில் கஷ்டமும் நிறைய. காலையில் வண்டி கிளம்ப நேரம் ஆகும். நெருப்பு மூட்டி, ஊதி, வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்ஜினின் இழுவை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். மேடு வந்தால் வண்டி திணறும். சாம்பலை அள்ளிக் கொட்ட வேண்டும், வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடு விஷ வாயு என்பதால் மூடிய ஷெட்டில் வைத்து மூட்டுவது உயிருக்கே ஆபத்து.

இருந்தாலும் பஸ் ஓடியது. இன்றைய நிர்வாகப் பாடத்தில் சொல்லும் முக்கியமான கணக்கு இதுதான். நெருக்கடியில் பழைய தரத்திலேயே எல்லாம் நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எவ்வளவு குறைந்தால் தாங்கும், எது நின்றால் தாங்காது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வேகம் குறைந்தால் பயணி முணுமுணுப்பார். பஸ்ஸே வராவிட்டால் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது.

டயருக்கு என்ன செய்தார்கள்?

எரிபொருளுக்கு வழி கிடைத்ததும் அடுத்த பிரச்சினை. மலேயா, இந்தோனேசியா ரப்பர் தோட்டங்கள் 1942-ல் ஜப்பான் கைக்குப் போயின. ரப்பரும் போர்ச் சரக்காகிவிட்டது. புது டயர் கிடைப்பது குதிரைக் கொம்பு. தேய்ந்த டயரின் மேல் புதிதாக ரப்பர் ஒட்டி மறுபடி ஓட்டும் ரீட்ரெடிங் வேலைக்காக ஒரு தொழிற்சாலை வந்தது. மதுரையில் 1943-ல் சுந்தரம் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கியது. அவசரத்துக்கு ஆரம்பித்த அந்த வேலை, போர் முடிந்த பிறகும் தனித் தொழிலாக நின்றது.

குடும்பத்தில் அவர் எப்படி?

அவருடைய மகள் சௌந்தரம் சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். விதவைப் பெண் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலம் அது. மகளை மேலே படிக்க அனுப்பினார்கள். டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் படித்து 1936-ல் டாக்டரானார். ஆனால் அவர் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்ய விரும்பியபோது பெற்றோர் ஏற்கவில்லை. 1940-ல் சேவாகிராமத்தில் காந்தி முன்னிலையில் அந்தத் திருமணம் நடந்தது. பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் இவர்தான். தொழிலில் எந்த மாற்றத்துக்கும் வளைந்து கொடுத்தவருக்கு, வீட்டுக்குள் வந்த மாற்றம் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

தனக்குப் பிறகு யார் என்பதில் என்ன செய்தார்?

குடும்பத் தொழில்களுக்குப் பெரிய ஆபத்து வெள்ளமோ போரோ அல்ல, முதலாளியே எல்லாமாக இருப்பது. கையெழுத்து அவர், சாவி அவர், வாடிக்கையாளரைத் தெரிந்தவரும் அவர் என்றால், அவர் படுத்துவிட்டால் தொழிலும் படுத்துவிடும்.

சுந்தரம் ஐயங்கார் உயிரோடு இருக்கும்போதே பொறுப்பை மகன்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். மகன்கள் ஆளுக்கொரு பக்கம் தொழிலை வளர்த்தார்கள். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் உதிரிபாகம் விற்றது. சுந்தரம் மோட்டார்ஸ் 1950-களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் மிகப் பெரிய விநியோகஸ்தராக இருந்தது.

அங்கேயும் அடி விழுந்தது. இந்தியாவில் வண்டியை முழுசாகத் தயாரிக்கத் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இனி இடம் என்று மத்திய அரசு முடிவெடுத்தது. 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் அசெம்பிளி வேலையை நிறுத்தியது. விற்க வேண்டிய வண்டியே வராது என்ற நிலை. அதே 1954-ல்தான் மகன் டி.எஸ்.சந்தானம், லாரி, பஸ் வாங்குபவர்களுக்குக் கடன் கொடுக்க சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 28 அன்று, கொடைக்கானலில் சுந்தரம் ஐயங்கார் காலமானார்.

பாடிக்கு எப்படி வந்தார்கள்?

வெளிநாட்டு வண்டியை விற்பதில் இனி எதிர்காலம் இல்லை. ஆனால் இந்தியாவில் தயாராகும் எல்லா வண்டிக்கும் சக்கரம், பிரேக், டைனமோ, போல்ட், நட் வேண்டும். நாற்பது ஆண்டுகளாக வண்டியைப் பிரித்துப் பூட்டிய குடும்பத்துக்கு எந்தப் பாகம் எப்போது போகும் என்பது மனப்பாடம். பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கைகோத்து, 1960-களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் வரிசையாக வந்தன. பாடியில் தொழிற்சாலைகள் எழுந்தன. அதே பத்தாண்டில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸும் சேர்ந்தது. பக்கத்திலேயே அரசு அம்பத்தூர் தொழிற்பேட்டையை உருவாக்கியது. பெரிய ஆலைக்குச் சின்ன பாகம் செய்து கொடுக்கும் லேத் பட்டறைகள் அங்கே பெருகின. அம்பத்தூர், ஆவடி பக்கம் பல குடும்பங்களின் சாப்பாடு இந்தச் சங்கிலியில்தான் ஓடுகிறது.

கடைசி அடி 1972-ல். தமிழக அரசு பெரிய தனியார் பஸ் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கியது. மதுரையில் டி.வி.எஸ். பஸ்களை வைத்தே பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. அறுபது ஆண்டுகளாகக் குடும்பத்துக்கு அடையாளமாக இருந்த தொழில் ஒரு அரசு முடிவில் கை மாறியது. பஸ்ஸை மட்டும் நம்பியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் அப்போது பாடியில் மெஷின்கள் ஓடத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதை வாங்கியது. 2022-ல் குடும்பத்தின் கிளைகள் நிறுவனங்களைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. அப்போதும் ஆலைகள் நிற்கவில்லை.

இன்றைய பட்டறைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து, பல சிறு பட்டறைகளில் மெஷின்களும் மூலப்பொருளும் நனைந்தன. டி.வி.எஸ். அளவுக்குப் பணமும் ஆளும் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கையில் இருந்து எடுக்கக்கூடிய கேள்விகளுக்குப் பெரிய பணம் தேவையில்லை.

* எது ஒன்று நின்றால் நம் வேலை முழுசாக நின்றுபோகும்? கரன்ட்டா, ஒரு குறிப்பிட்ட மெஷினா, ஒரே ஒரு சப்ளையரா?
* அதற்குப் பதிலாக, தரம் கொஞ்சம் குறைந்தாலும் ஓட்டக்கூடிய மாற்று வழி என்ன?
* அந்த மாற்று வழியை மழைக்கு முன்பே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோமா?
* மோட்டார், பேனல் போர்டு, கணக்குப் புத்தகம் எல்லாம் தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன?
* முதலாளி ஒரு வாரம் வராவிட்டால் சம்பளம் போடவும் சரக்கு அனுப்பவும் வேறு யாருக்குத் தெரியும்?
* ஒரே வாடிக்கையாளர் ஆர்டரை நிறுத்திவிட்டால் எத்தனை மாதம் தாங்குவோம்?

இந்த ஆறுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாலே ஒரு பட்டறைக்கு முதல் தொடர்ச்சித் திட்டம் தயார். எழுத நல்ல நேரம் வேலை நன்றாக ஓடும் நாட்கள்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும் என்பதால், பாடியிலும் அம்பத்தூரிலும் அதற்கு முந்தைய மாதங்களே கைவசம் உள்ள நேரம்.